நெஞ்சில் கிடந்த நாட்கள்

சட்டையைக் கழற்றும்படி அந்த மிஸி சொன்னபோது என் இரண்டு கைகளும் தாமாகவே தலைக்கு மேலே உயர்ந்தன. முதல் நாள் காலையில்தான் வாவிக்கரைச் சோதனைச் சாவடியில் ஒரு ஆமிக்காரன் அதே வார்த்தையை உடைந்த தமிழில் சொல்லியிருந்தான். இப்போது நான் நின்றது நகரத்து ஆஸ்பத்திரியில், குறைமாதப் பிள்ளைகளை வைத்திருக்கும் அறையில். சொன்னவர் கழுத்தில் சிறிய சிலுவை போட்ட, ஐம்பது வயது மதிக்கத்தக்க தாதி. அவரை எல்லோரும் மிஸி என்றே கூப்பிட்டார்கள். அவர் உயர்ந்து நின்ற என் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

"இஞ்ச ஒருவரும் உங்களச் சோதிக்கல்ல மாஸ்டர். உங்கட மகளுக்குக் குளிருது. அவள உங்கட நெஞ்சில வைக்கப் போறன்."

எனக்கு அது விளங்கவில்லை. மகள் என்ற சொல்லே எனக்கு ஒரு நாள்தான் பழக்கம்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால்தான் இது விளங்கும். நான் அப்போது படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்கு அப்பால் ஒரு சிறிய பள்ளிக்கூடத்தில் ஆசிரியராக இருந்தேன். வாவிக்கு மேற்கே எங்கள் பக்கம் இயக்கத்தின் கையில், கிழக்கே நகரமும் கடற்கரை ஊர்களும் ஆமியின் கையில் இருந்த காலம். நடுவில் தண்ணீர். தண்ணீரைக் கடந்தால் சோதனைச் சாவடி. என் மனைவிக்கு ஏழாம் மாதம் முடிந்திருந்தது. கால்கள் வீங்கிச் செருப்புக்குள் நுழையாமல் போய்ப் பல நாளாயிற்று. ஊர் மருத்துவமாது பிரஷர் கூடிவிட்டது, உடனே நகரத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லியிருந்தார். ஆனால் அந்த வாரம் முழுக்கச் சண்டை. வெடிச்சத்தம் ஓயட்டும், நாளைக்குப் போவோம் என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். தள்ளியது நான்தான். இதில் வேறு ஒருவர்மேலும் பழி போட முடியாது.

அன்று காலையில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இஞ்சருங்க, உங்கட முகம் தெரியல்ல எனக்கு."

வெளிச்சத்தில்தானே நிற்கிறேன் என்று நான் சிரித்ததாக ஞாபகம். அடுத்த கணம் அவள் பக்கவாட்டில் சாய்ந்தாள். கண்கள் மேலே செருகின. உடம்பு முழுவதும் வில்லாய் வளைந்து அடிக்கத் தொடங்கியது. நான் அதுவரை வலிப்பைக் கண்டதில்லை. அவள் இறந்துகொண்டிருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவளைத் தூக்கவேண்டும் என்றுகூடத் தோன்றாமல், சரிந்து கொட்டிய தேங்காய்ப் பூவைக் கையால் அள்ளித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினார். அவருடைய உழவு இயந்திரப் பெட்டியில் வைக்கோலைப் போட்டு அவளைக் கிடத்தினோம்.

துறையில் பாதை ஓடவில்லை. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் பெரிய மிதவையைத்தான் நாங்கள் பாதை என்போம். அது சண்டை தொடங்கிய நாளிலிருந்து கட்டிக் கிடந்தது. மீன்பிடிக்கிற ஒருவர் தன் தோணியைத் தர முன்வந்தார், தானே துடுப்பும் போட்டார். ஒரு கம்பில் வெள்ளைத் துணியைக் கட்டி நான் தோணியின் முன்முனையில் பிடித்துக்கொண்டு நின்றேன். வெயில் ஏறி வாவி தகரம்போலப் பளபளத்தது. நடுத்தண்ணீரில் அவளுக்கு மறுபடியும் வலிப்பு வந்தது. தோணி ஆடியது. பலகையில் அவளுடைய குதிக்கால் அடிக்கும் சத்தம் ஒரே சீராகக் கேட்டது. நான் கொடியை விட்டுவிட்டு அவளைப் பிடிக்கப் போனேன். "கொடியப் புடியுங்க, விட்டா சுடுவானுகள்" என்றார் தோணிக்காரர். நான் கொடியைப் பிடித்தேன். மனைவியைப் பிடிக்கவில்லை.

அக்கரையில் என்னைச் சட்டையைக் கழற்றி, கைகளை உயர்த்தி, ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார்கள். பாதி சுற்றியபோது தோணியிலிருந்து அந்தச் சத்தம் திரும்பவும் கேட்டது. நான் திரும்பி ஓரடி வைத்தேன். துப்பாக்கியின் குதிரை இழுபடும் ஒலி கேட்டு அப்படியே நின்றேன். இளவயதுச் சிப்பாய் ஒருவன் தோணிக்குள் எட்டிப் பார்த்தான். பார்த்ததும் அவன் முகம் மாறியது. சிங்களத்தில் ஏதோ கத்தினான். இருவர் ஓடிவந்தார்கள். சுடப் பிடித்த துப்பாக்கியை மண்ணில் போட்டுவிட்டு அவனே என் மனைவியின் தலைப்பக்கத்தைத் தாங்கித் தூக்கினான். ஆரையம்பதிப் பக்கமிருந்து வந்த ஒரு வான் வண்டியை மறித்து எங்களை ஏற்றிவிட்டார்கள். என் சட்டை கரையிலேயே கிடந்தது. வெற்று மேலோடுதான் நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு சிற்றூழியர் தன் பழைய சட்டையொன்றைத் தந்தார்.

நீட்டிய தாளில் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டேன். மத்தியானத்துக்குள் அறுவைச் சிகிச்சை முடிந்துவிட்டது. தாய்க்கு இன்னும் நினைவில்லை, பெண்பிள்ளை, ஒரு கிலோவும் கொஞ்சமும் நிறை என்று சொல்லி என்னை அந்த அறைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நிறுத்தினார்கள்.

நான் எதைக் காணப்போகிறேன் என்று நினைத்திருந்தேனோ தெரியாது. பிள்ளை என்றால் கொழுகொழுவென்ற ஒன்றுதான் எனக்குத் தெரியும். பெட்டிக்குள் இருந்தது கருஞ்சிவப்பாக, தோலுக்குள்ளால் நரம்பெல்லாம் தெரிய, தலையே பாதி உடம்பாகக் கிடந்தது. காது மடல் கடதாசிபோல மடிந்து ஒட்டியிருந்தது. மூக்கில் ஒரு குழாய், கையில் ஊசி. மூச்செடுக்கும் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு உள்ளே விழுந்தது. முகம் நீண்டகாலம் நோயில் கிடந்த ஒரு வயதானவரின் முகம்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு பொய் எழுத விருப்பமில்லை. எனக்கு அன்பு வரவில்லை. இது நிலைக்காது, இதைப் பார்த்துப் பழகக்கூடாது என்றுதான் முதலில் தோன்றியது. நான் வெளியே வந்து மனைவி கிடந்த வாட்டுக்குப் போய்விட்டேன். அவள் நாக்கைக் கடித்ததில் வாயெல்லாம் வீங்கிக் கிடந்தாள். கூப்பிட்டேன், அசையவில்லை. அன்று முழுவதும் நான் பிள்ளையிடம் திரும்பிப் போகவில்லை.

மறுநாள் பின்னேரம் நகரம் முழுவதும் கரண்ட் போயிற்று. எங்கோ மின்மாற்றியை வெடிக்க வைத்துவிட்டார்களாம், எப்போது வரும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்த ஜெனரேட்டர் அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கு மட்டுமே போதும். கண்ணாடிப் பெட்டிகள் ஆறத் தொடங்கின. அப்போதுதான் மிஸி ஆளனுப்பி என்னைத் தேடிப் பிடித்தார்.

அந்த அறையில் இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். மற்றது ஒரு ஆண் பிள்ளை, ஓட்டமாவடிப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அந்தத் தாய் முக்காட்டோடு பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தாள். மிஸி முதலில் அவளுடைய பிள்ளையை எடுத்து அவளுடைய மார்புக்குள் வைத்துச் சீலையால் இறுக்கிக் கட்டிவிட்டார். பிறகு எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு கட்டில் விரிப்பைக் கயிற்றில் தொங்கவிட்டார். அதன் பிறகுதான் என்னிடம் சட்டையைக் கழற்றச் சொன்னது.

நான் மறுத்தேன். ஆண்பிள்ளை நான், எனக்குப் பிள்ளை பிடிக்கத் தெரியாது, விழுந்துவிடும், உடைந்துவிடும் என்றெல்லாம் சொன்னேன். தாய் எழும்பும் வரைக்கும் வேறு யாராவது பெண்ணை வைத்திருக்கச் சொல்லுங்கள் என்றேன். மிஸி கோபப்படவில்லை.

"தாய் எழும்புறத்துக்கு எத்தின நாளோ தெரியா. இவள் இன்னும் ரெண்டு மணித்தியாலம் தாங்கமாட்டாள். இப்ப இவளுக்கு நீங்க மட்டும்தான் இரிக்கிறீங்க. இருங்க கதிரையில."

நான் இருந்தேன். அவர் பிள்ளையைத் தூக்கி, தவளைபோல மடித்து, என் நெஞ்சின் நடுவில் கவிழ்த்து வைத்தார். மேலே ஒரு துவாயைப் போட்டு என்னோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினார். பாரமே தெரியவில்லை. தெரிந்தது குளிர் மட்டும்தான். கிணற்றிலிருந்து அப்போதுதான் எடுத்த ஒரு ஈரத் துண்டை நெஞ்சில் போட்டதுபோல இருந்தது. உயிருள்ள ஒன்று அவ்வளவு குளிராக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. என் பல்லெல்லாம் கிட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தக் குளிருக்குள்ளேயிருந்து மிக வேகமாக ஒரு துடிப்பு என் தோலில் தட்டியது. என்னுடையது அல்ல. என்னுடையதைவிட இரண்டு மடங்கு வேகம். நான் அசையாமல் இருந்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ, அந்த மார்பு என் மார்பில் எழுந்து விழுவதற்கு நான் பழகியிருந்தேன். அது நின்றது. துவாயை விலக்கிப் பார்த்தேன். உதடு நீலமாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பையே அதட்டி இருத்துகிறவன் நான், அந்த இடத்தில் ஒரு சத்தமும் வெளியே வரவில்லை. காலால் பெட்டியை உதைத்தேன். மிஸி வந்து பார்த்தார். அவசரப்படாமல் பிள்ளையின் உள்ளங்காலில் நடுவிரலால் இரண்டு தரம் சுண்டினார். பிள்ளை ஒரு துள்ளுத் துள்ளி மூச்செடுத்தது.

"குறைமாசப் புள்ளையள் மூச்செடுக்க மறந்து போயிருங்கள். நாம ஞாபகப்படுத்தோணும். அடுத்த முறை நீங்க செய்யிங்க" என்று சொல்லிவிட்டு அவர் மற்ற வேலைக்குப் போய்விட்டார்.

மூச்செடுக்க மறப்பதா? ஒரு மனிதப் பிறவி அதையும் மறக்க முடியும் என்பது என்னை உலுக்கிவிட்டது. அன்று இரவுக்குள் அது இன்னும் மூன்று தரம் நடந்தது. மூன்று தரமும் சுண்டியது நான். கடைசித் தரம், சுண்டிய பிறகு பிள்ளை அழுதது. ஒரு பூனைக்குட்டி தொலைவில் கத்தியதுபோன்ற சத்தம். அதைக் கேட்டு நானும் அழுதேன். விரிப்புக்கு அந்தப் பக்கம் ஓதிக்கொண்டிருந்த குரல் ஒரு கணம் நின்று, மறுபடியும் தொடர்ந்தது.

கரண்ட் வருவதும் போவதுமாகச் சில நாட்கள் கழிந்தன. வந்தபோதும் இனிப் பெட்டிக்குள் வைக்கவேண்டாம் என்று அங்கிருந்த இளம் டொக்டர் சொல்லிவிட்டார். சாப்பிடவும் குளிக்கவும் மனைவியைப் போய்ப் பார்க்கவும் மட்டும் நான் எழும்புவேன், அந்த நேரத்தில் மிஸி வைத்திருப்பார். என் நெஞ்சில் ஒரு தழும்புபோல அவளுடைய கன்னத்தின் அச்சு விழுந்திருந்தது. மகள் என்று நினைக்காமலே நான் மகள் என்று சொல்லத் தொடங்கியிருந்தேன்.

பால்தான் பிரச்சினையாயிற்று. குழாய் வழியாகக் கொடுத்த மாப்பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு ஊதிக்கொண்டது. தாய்ப்பால் ஒள்ளமாவது, ஒரு துளியாவது கிடைத்தால் பிள்ளை தப்பும் என்று மிஸி டொக்டரிடம் சொல்வது எனக்குக் கேட்டது. விரிப்புக்கு அந்தப் பக்கமும் அது கேட்டிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் விரிப்பின் ஓரத்தால் ஒரு கை நீண்டது. கையில் மருந்து கொடுக்கும் சிறிய கிண்ணம். அதன் அடியில் பால்.

நான் கையை நீட்டவில்லை. அந்த வருடங்களில் எங்கள் ஊர்களுக்கும் அவர்களுடைய ஊர்களுக்கும் நடுவில் நடந்தவை சாதாரணமானவை அல்ல. இரண்டு பக்கத்திலும் பிணங்கள் விழுந்திருந்தன. எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு ஆசிரியரின் தம்பி போனவன் திரும்பவில்லை, அவர்கள் ஊரிலும் அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர். நான் அவர்களுடைய கடைகளில் சாமான் வாங்குவதை நிறுத்தி எவ்வளவோ காலம். அவர்களும் எங்களிடம் அப்படித்தான். அந்தக் கிண்ணத்தை நீட்டிய கைக்கு இதெல்லாம் தெரியாமலிருக்க முடியாது. மிஸி என்னிடம் கேட்கவே இல்லை. வாங்கி, ஊசிக்குழலில் இழுத்து, குழாய்க்குள் விட்டார். அன்று பிள்ளையின் வயிறு ஊதவில்லை.

இரண்டு நாளில் அந்தப் பெண்ணின் கணவர் வந்து சேர்ந்தார். ஓட்டமாவடியில் துணி வியாபாரம் செய்கிறவர். வீதி திறக்கும்வரை காத்திருந்து வந்திருந்தார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். மனைவி அவரிடம் மெல்லிய குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு அவர் விரிப்பைச் சுற்றி என் பக்கம் வந்து, என் நெஞ்சில் கிடந்ததை எட்டிப் பார்த்தார்.

"நல்லாக் குடிக்கட்டும் மாஸ்டர். ஆனா ஒண்டு. ஒரே பால் குடிச்சா எங்கட மகனுக்கு இவ தங்கச்சி. நாளைக்கு மாப்பிள்ள கேட்டு எங்கட வீட்டுப் பக்கம் வந்திராதீங்க."

இருவரும் சிரித்தோம். அந்த அறையில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவர்களுடைய பிள்ளை என் மகளைவிட நிறை கூட. முகத்திலும் தெளிவு இருந்தது. தப்புவது அவன்தான், என்னுடையது சந்தேகம் என்று எல்லோரும் நினைத்திருந்தோம், நானும் நினைத்திருந்தேன். ஆறாம் நாள் காலையில் நான் கதிரையில் மகளோடு இருந்தபோது அந்தப் பக்கத்து ஓதல் நின்றது. நிற்பது வழக்கம்தான், அவள் களைத்து உறங்கிவிடுவாள். ஆனால் இந்த முறை உள்ளங்காலில் விரல் சுண்டும் சத்தம் கேட்டது. ஒரு தரம், இரண்டு தரம். பிறகு எண்ண முடியாத அளவுக்கு. மிஸி ஓடினார். டொக்டர் வந்தார். விரிப்பின் கீழே அவர்களுடைய கால்கள் மட்டும் எனக்குத் தெரிந்தன. அவசரமாக அங்குமிங்கும் நகர்ந்த கால்கள் பிறகு அசையாமல் நின்றன.

என் மகள் என் நெஞ்சில் மூச்செடுத்துக்கொண்டிருந்தாள். அதை மறைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது, அந்தச் சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடக்கூடாது என்று துவாயை இழுத்து மூடினேன்.

அந்தத் தாய் பெரிதாக அழவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருக்கட்டுமா என்று மட்டும் கேட்டாள். மிஸி ஓம் என்றார். முற்பகல் முழுவதும் அவள் பிள்ளையை மார்பிலேயே வைத்திருந்தாள். கணவர் வந்தபோதுதான் கொடுத்தாள். அன்றைக்கே அடக்கம் செய்யவேண்டும், வீதி மூடுவதற்குள் ஓட்டமாவடிக்குப் போகவேண்டும். அவர் மகனை ஒரு புதிய வெள்ளைத் துணியில் சுற்றித் தன் நெஞ்சோடு அணைத்தபடி என்னைக் கடந்து போனார். நான் எழுந்து நிற்க முயன்றேன். என் நெஞ்சில் பிள்ளை கட்டியிருந்ததால் சரியாக நிற்க முடியவில்லை. அவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

அவர்கள் போன பிறகு மிஸி விரிப்பைக் கழற்றினார். அந்தப் பக்கத்து மேசையில் மருந்துக் கிண்ணம் இருந்தது. அது நிறையப் பால் இருந்தது. போவதற்கு முன்னால் பீய்ச்சி வைத்துவிட்டுப் போயிருந்தாள். மிஸி அதைக் கையில் எடுத்தார். கொடுக்கவேண்டாம் என்று நான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மகனை இழந்து ஒரு நாள்கூட ஆகாதவளின் பால், அதை என் பிள்ளைக்குக் கொடுப்பது ஏதோ திருட்டுப்போலப் பட்டது.

"அந்தத் தாய் வச்சிட்டுப் போனது ஊத்துறதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு மிஸி அதைக் குழாயில் விட்டார்.

அன்று பின்னேரம் என் மனைவி கண் விழித்தாள். என்னை அடையாளம் கண்டாள், பெயரைச் சொன்னாள், தண்ணீர் கேட்டாள். வயிற்றைத் தடவிப் பார்த்தாள். வாவியைக் கடந்ததோ ஆஸ்பத்திரிக்கு வந்ததோ எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை. கடைசியாக ஞாபகம் இருந்தது தேங்காய் துருவியதுதான். பெண்பிள்ளை, நலமாக இருக்கிறாள் என்று சொன்னேன். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். மறுநாள் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். மிஸி பிள்ளையைத் தூக்கிக் காட்டினார். அவள் நீண்ட நேரம் பார்த்தாள்.

"இது எண்ட புள்ள இல்ல."

நான் பகிடி என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் பகிடி இல்லை என்று தெரிந்தது. அவள் கண் விழித்த வாட்டில் யாரோ இருவர், குறைமாதப் பிள்ளைகளின் அறையில் இருந்த இரண்டில் ஒரு பிள்ளை இறந்துவிட்டதாம் என்று பேசிக்கொண்டதைக் கேட்டிருக்கிறாள். இறந்தது தன் பிள்ளை என்று முடிவு செய்துவிட்டாள். அவளைத் தேற்றுவதற்காக நான் வேறு ஒருத்தியின் பிள்ளையைக் காட்டுகிறேனாம். இறந்தது ஆண் பிள்ளை என்று சொன்னேன். பிறந்த நேரத்தை, நிறையைச் சொன்னேன். அட்டையை எடுத்துக் காட்டினேன். நீங்கள் எழுதியிருப்பீர்கள் என்றாள். என் குரல் உயர்ந்தது. ஆறு நாள் இந்த நெஞ்சில் வைத்துக் காப்பாற்றிய பிள்ளையை இவள் யாருடையதோ என்கிறாளே என்று எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு எந்தப் பிள்ளையைப் பெற்ற ஞாபகமும் இல்லை. அவள் எதை வைத்து நம்புவாள்?

மிஸி என்னை வெளியே போகச் சொன்னார். கதவடியில் நின்று கேட்டேன். அவர் அவளோடு தர்க்கம் பண்ணவில்லை.

"சரி மகள், உங்கட புள்ள இல்லாட்டிப் போகட்டும். ஆர்ர புள்ளையா இருந்தாலும் இவளுக்குக் குளிருது. மாஸ்டரும் களைச்சிப் போயிற்றார். ஒள்ளம் வச்சிருங்க."

அவள் வைத்திருந்தாள். யாரோ வீட்டுப் பிள்ளையைத் தாய் வரும்வரை வைத்திருப்பதுபோல, கவனமாக, கொஞ்சம் விலகி. பால் வந்தபோது அதையும் கொடுத்தாள். தாய் பக்கத்தில் இல்லாத பிள்ளை, பாவம் என்று என்னிடம் சொன்னாள். நான் எதுவும் சொல்லக்கூடாது என்று மிஸி கட்டளை போட்டிருந்தார். ஐந்து நாட்கள் அப்படிப் போயின. ஒவ்வொரு நாளும் பின்னேரம் அவள் பிள்ளையை என்னிடம் திருப்பித் தருவாள், இரவல் வாங்கியதைத் தருவதுபோல.

ஆறாவது நாள் நான் சாப்பாடு வாங்கிக்கொண்டு திரும்பியபோது அறைக்குள்ளே கூச்சல் கேட்டது. என் மனைவியின் குரல். உள்ளே ஓடினேன். பிள்ளையின் முகம் நீலமாக இருந்தது. அவள் உள்ளங்காலில் சுண்டிக்கொண்டே, மூச்செடு, மூச்செடு என்று கத்திக்கொண்டிருந்தாள். மிஸி பக்கத்தில் நின்றார், ஆனால் கை வைக்கவில்லை. பிள்ளை துள்ளியது, மூச்செடுத்தது, அழுதது. என் மனைவி அதைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். நான் வாங்கக் கையை நீட்டினேன்.

"குடுக்கமாட்டன்" என்றாள். "இவளுக்கு என்னட்ட இரிக்கத்தான் விருப்பம்."

அன்று முதல் அவள் என் கையில் பிள்ளையைத் தந்தது அவளாக மனமிரங்கிய நேரங்களில் மட்டும்தான். தந்தாலும் கழுத்தை இப்படிப் பிடி, காலை மடி என்று சொல்லிக்கொண்டேயிருப்பாள். எனக்கே சொல்லித்தருகிறாள். இன்னும் மூன்று கிழமையில் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மகளின் ஒரு கண்ணில் பார்வை குறைவு என்பது பிறகுதான் தெரியவந்தது. வேறு குறையில்லை.

மகளுக்கு நான்கு வயதாக இருந்தபோது சண்டை கொஞ்சக் காலம் ஓய்ந்தது, வீதிகள் திறந்தன. ஓட்டமாவடிக்குப் போகவேண்டும் என்று என் மனைவிதான் பிடிவாதம் பிடித்தாள். அதற்குள் நான் எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லியிருந்தேன். கடைத்தெருவில் விசாரித்துத் துணிக்கடையைக் கண்டுபிடித்தோம். அவர் என்னைக் கண்டதும் அளவுகோலைக் கீழே போட்டார். என் பின்னால் நின்ற சிறுமியைப் பார்த்தார். கடையைப் பூட்டிவிட்டு எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போனார்.

நாங்கள் இருவரும் முன்னறையில் இருந்தோம். பெண்கள் உள்ளே. அவர்களுக்கு இப்போது ஒரு மகள், இரண்டு வயது. திறந்திருந்த கதவு வழியாக அந்தப் பெண்ணின் முகத்தை அன்றுதான் முதல் தடவையாக நான் சரியாகப் பார்த்தேன். அவள் என் மகளை மடியில் இழுத்து வைத்து, சட்டைக்கு மேலால் அவளுடைய நெஞ்சில் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள். எடுக்கவே இல்லை. மகளும் அசையாமல் இருந்தாள், புதியவர்களிடம் அப்படி இருக்கிற பிள்ளையல்ல அவள்.

பிறகு என் மனைவி சொல்வது எனக்குக் கேட்டது. நான் எதிர்பார்க்கவில்லை. அவள் அதை என்னிடம்கூட அப்படி நேராகச் சொன்னதில்லை.

"ஆஸ்பத்திரியில நான் இவள உங்கட புள்ளையெண்டு நினைச்சன். எண்டதுதான் செத்துப்போச்சு, உங்கடத எனக்குத் தந்திரிக்காங்க எண்டு நினைச்சித்தான் வச்சிருந்தன்."

துணிக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எழுந்து உள்ளே போய் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று நினைத்தேன், போகவில்லை.

"அப்படி நினைச்சும் பால் குடுத்தீங்களா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ஓம்."

"எத்தின நாள்?"

"அஞ்சு நாள்."

அந்தப் பெண் என் மகளை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டு, தன்னுடைய பிள்ளையின் மூக்கு எப்படி இருந்தது, தலைமயிர் எவ்வளவு இருந்தது, எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்தால் உறங்குவான் என்று ஒவ்வொன்றாக என் மனைவிக்குச் சொல்லத் தொடங்கினாள். நான்கு வருடமாக அவள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லையாம். கணவரிடம்கூட இல்லை. அவர் என் பக்கத்தில் இருந்து முதல் தடவையாக அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார், இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி, குனிந்தபடி.

கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. உள்ளே போய் இரண்டு தரம் சொன்னேன். இரண்டு பேரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.